பெரியவரின் குறட்டை

பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறதாம். திரும்பினால்தான் பார்க்க முடியுமாம். "கொஞ்ச நேரம் நடந்துட்டு வாங்கம்மா, ஜில்லுனு ஏதாவது குடிங்க, அசைஞ்சு கொடுக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வயிற்றில் தடவிய பசை துடைத்தும் போகவில்லை, சேலைக்குள் பிசுபிசு என்று ஒட்டியது, அதோடு பிரம்மசக்தி நடந்தாள். நடக்க என்ன தேரடியா இருக்கிறது? பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் ஒரு வராந்தா. இந்தக் கடைசியில் தண்ணீர் கேன், அந்தக் கடைசியில் செருப்பு போடும் இடம், நடுவில் நாற்காலிகளில் வயிற்றை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். சுவரில் ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று பெரிய போர்டு. அந்தப் போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு மாமியார் ஆவுடைத்தாய் பக்கத்துப் பெண்ணிடம், "கேக்கவே வேண்டாம் தாயி, அவருதான் வாராரு, எனக்குத் தெரியாதா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரு என்றால் மாமனார். செத்து நாளாச்சு. ஒரு தடவை திரும்பி வந்து, இருந்து, திரும்பவும் போய்விட்டார் என்பது ஆவுடைத்தாயின் கணக்கு. இது மூன்றாவது வரத்து. வரட்டும், நல்லா வரட்டும், பஸ் ஸ்டாண்டு மாதிரி என் வயிறு கிடக்கிறதே, என்று நினைத்துக்கொண்டு பிரம்மசக்தி தண்ணீர் கேன் வரை போய்த் திரும்பினாள்.

டாக்டர் சொன்னது என்னவென்றால், இருதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் ஒன்றாக வளைந்து ஒரு பக்கமாகக் கீழே இறங்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அது இரண்டாகப் பிரிகிற மாதிரி தெரிகிறது. இரண்டும் இரண்டு பக்கமாகச் சுற்றி வந்து பின்னால் சேர்ந்துகொண்டால் நடுவில் மூச்சுக்குழல் மாட்டிக்கொள்ளும், சோறு இறங்குகிற குழலும் மாட்டிக்கொள்ளும். சேருகிறதா என்று பார்க்கத்தான் முதுகு மறைக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் சாதாரணமாக, "முதல் குழந்தை என்னாச்சு?" என்று கேட்டார். "இறந்துட்டான், மூச்சுத் திணறி, பிறந்து எட்டாம் மாசம்." டாக்டரின் கை நின்றது. மூச்சு விடும்போது சத்தம் வருமா? வரும். படுக்கும்போது தலையைப் பின்னால் வளைத்து வளைத்து வைத்துக்கொள்வானா? அந்த ஆள் எப்போது எங்கள் வீட்டுக்குள் வந்தார், எப்போது தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்? சோறு குழைத்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு புரையேறுவது அதிகமானதா? ஆனது டாக்டர். ஆனது. "இது ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைக்கு வாறது அபூர்வம். அதுவும் இதுதான்னு நான் பாக்காம சொல்ல முடியாது. ஆனா இதா இருந்துச்சுன்னா பயப்படாதீங்க. பிறந்த பிறகு பாத்து ஒரு ஆபரேஷன். ஒரு பக்கத்துக் குழாயைக் கட்டி வெட்டி விட்டுருவாங்க. பிள்ளை நல்லா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், நல்ல சேதி சொன்ன ஆள் சிரிக்கிற சிரிப்பு. பிள்ளை நல்லா இருக்கும். பிரம்மசக்திக்கு அந்த மனிதரைப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அவ்வளவுதானா? கட்டி வெட்டி விட்டால் தீர்ந்ததா? தீராத வியாதி, கொண்டுபோக வந்தது கொண்டுபோனது, நம்ம கையில் என்ன இருக்கிறது என்று ஊரே சொல்லி, அவளும் அதையே சொல்லிச் சொல்லி ஒருவிதமாகத் தேற்றி வைத்திருந்த மனசு. அதில் வந்து இந்த ஆள் நல்லா இருக்கும் என்கிறார்.

"ஏ சக்தி, என்ன சொல்லுதாரு டாக்டரு? ஏன் இப்படி அலையுத? பைய நட." ஆவுடைத்தாய் கையைப் பிடித்தாள். பிள்ளை திரும்பணுமாம் அத்தை, ஜில்லுனு குடிக்கச் சொல்லுதாரு. "ஜில்லுனா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், வெந்நி குடி. போன தடவை ஐஸ்கிரீம் தின்னு தின்னுதானே பிள்ளைக்குச் சளி கட்டுச்சு." வந்துவிட்டது பார், ஐஸ்கிரீம். ஐந்தாம் மாதத்தில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஐஸ்கிரீம், அதுவும் பாதிதான், மீதியை அவர்தான் தின்றார், அவர் என்றால் இவள் புருஷன் இசக்கிராஜா. அந்தப் பாதி ஐஸ்கிரீம் உருகி ஓடி, பிள்ளையின் நெஞ்சில் போய்ச் சளியாகக் கட்டி, உயிரைக் குடித்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவளுக்கெல்லாம் அந்த ஐஸ்கிரீம் தெரிந்திருந்தது. பிரம்மசக்தி படியிறங்கிக் கீழே கடைக்குப் போய், ரோஸ்மில்க் இருப்பதிலேயே குளிர்ந்ததாகக் கேட்டு வாங்கி, நின்ற வாக்கிலேயே குடித்தாள். பல் கூசியது. குடிடா, குடிடி, யாராக இருந்தாலும் குடி, குடித்துவிட்டுத் திரும்பு. திரும்பாதே. இப்போது யார் சொன்னது அது? அவள்தான் சொன்னாள். திரும்பி, அந்த வளையம் தெரிந்துவிட்டால் இந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பிள்ளை? அது பிழைத்திருக்க வேண்டிய பிள்ளை என்று ஆகிவிடும். வளையம் இல்லை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அவன் எதனால் போனான் என்பது கடவுளுக்கு வெளிச்சம், ஐஸ்கிரீமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு தாய் நினைக்கிற நினைப்பா இது, சீ. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள்.

மாமனார் கொம்பையா உயிரோடு இருந்த காலத்தில் அவர் குறட்டை அந்தத் தெருவுக்கே பிரசித்தம். நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் தொங்கப் போட்டு வாயைத் திறந்தார் என்றால் கர்ர்ர் என்று இழுத்து, உச்சியில் ஒரு விசில் அடித்து இறங்கும். எதிர்வீட்டு ஆச்சாரி, "மாமா தூங்கியாச்சு, இனிமே நாம தூங்க முடியாது" என்பான். தங்கமான மனிதர், அவளை ஒரு நாள் முகம் சுளித்துப் பேசியதில்லை. அவர் போய் வருஷம் திரும்ப இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளை பிறந்தது. பிரம்மசக்தியின் பிறந்த வீட்டுக்கு வந்து பேரனைக் கையில் வாங்கிய ஆவுடைத்தாய் அப்படியே உறைந்து போனாள். பிள்ளை பால் குடித்த அசதியில் தலையைப் பின்னால் வளைத்து வைத்துக்கொண்டு கர்ர் என்று இழுத்தது, உச்சியில் விசில். "எய்யா, வந்துட்டீங்களா!" என்று ஒரு சத்தம் போட்டு அழுதாள் பார், அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. அப்புறம் பேர் வைப்பதில் என்ன யோசனை இருக்கிறது, கொம்பையா. வைத்தார்களே தவிரக் கூப்பிட ஆள் இல்லை. புருஷன் பேரை ஆவுடைத்தாய் வாயால் சொல்ல மாட்டாள், பாட்டில், கதையில், சாமி பேரில் வந்தால்கூட அந்த இடத்தை முழுங்கிவிட்டு மேலே போவாள். மாமனார் பேரை மருமகள் எப்படிச் சொல்லுவாள்? இசக்கிராஜாவுக்கும் அப்பா பேரைச் சொல்லி வாடா போடா என்று கூப்பிட நாக்கு எழவில்லை. ஆகவே பெரியவரு. பெரியவரு எந்திரிச்சாச்சா, பெரியவரு குளிச்சாச்சா, பெரியவருக்குப் பசிக்குதாம். கைக்குழந்தை அய்யா அது. பல் முளைக்கவில்லை, தலை நிற்கவில்லை, அதற்குள் பெரியவரு.

பிரம்மசக்திக்கும் அது பிடிக்கத்தான் செய்தது, இல்லை என்று யாரிடம் மறைக்க? பெரியவரைத் திரும்பக் கொண்டுவந்த மகராசி என்று முதல் தம்ளர் காபி அவளுக்குத்தான் வந்தது. மாமனார் திதியன்று படத்துக்கு மாலை போட்டு, அதற்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, குறட்டையை இசக்கிராஜா செல்போனில் படம் பிடித்தார். சொந்தக்காரர் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது அது, சிரிப்புப் படம் போட்டுப் போட்டுப் பதில் வந்தது. அதில் ஒரு பொம்பளைக் குரல், "மாமா, காபி குடிக்கிங்களா?" என்று பிள்ளையைக் கேட்கும், எல்லோரும் கொல்லென்று சிரிப்பார்கள். அந்தக் குரல் அவளுடையது. சத்தம் கூடினால் பெரியவருக்குக் கோபம், குறைந்தால் பெரியவருக்கு அசதி. உதடு ஒரு மாதிரி நீலம் பாய்ந்தபோதுகூட, "அவரும் குளிருக்கு இப்படித்தான்" என்று கம்பளித் தொப்பி போட்டாள் ஆவுடைத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இல்லை. சளி என்றார்கள், ஆவி பிடிக்க வைத்தார்கள், சரியாப்போகும் என்றார்கள். பெரியவரு குறட்டை என்று இவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னதும், அங்கே இருந்தவரும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். எல்லோரும் நல்லவர்கள், யாரைப் போய் என்ன சொல்ல? ஆனால் கழுத்து. அது மட்டும் விடமாட்டேன் என்கிறது. பிள்ளை தலையைப் பின்னால் வளைக்கும், அவள் நேராக்குவாள். வளைக்கும், நேராக்குவாள். கழுத்து சுளுக்கிவிடும் என்று துணியைச் சுருட்டித் தலைக்குப் பின்னால் அண்டக் கொடுத்து, முகத்தைக் குனித்து நாடியை நெஞ்சோடு தாழ்த்தி வைப்பாள். அது தலையை வளைத்தது தாத்தா மாதிரி தூங்குவதற்கு இல்லை. அப்படி வளைத்தால்தான் அந்த இத்துனூண்டு குழலில் காற்று போயிருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அது கண்டுபிடித்து வைத்திருந்தது. பெற்றவள் வந்து வந்து அதை அடைத்தாள். கையைப் பார்த்தாள். பசை காய்ந்து விரலில் வெள்ளையாக உரிந்தது, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். பருப்பும் சோறும் மசித்து ஒரு வாய்தான் வைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இசக்கிராஜா பைக்கை நிறுத்தப் போய்விட்டார், பெண்கள் இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நர்ஸ் பிள்ளையை வாங்கிக்கொண்டே, "பேரு என்ன?" என்றாள். பிரம்மசக்தி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் இவளைப் பார்த்தாள். "பேரு என்னம்மா, சீக்கிரம்!" "பெரியவரு" என்றாள் ஆவுடைத்தாய். "எந்தப் பெரியவரு? கைக்குழந்தை பேரைக் கேக்கேன்." வாய்க்குள் இருக்கிறது பேர், தொண்டை வரைக்கும் வருகிறது, மாமியார் பக்கத்தில் நிற்கிறாள், வரவில்லை. கடைசியில் அந்த நர்ஸே தாய் பேரைக் கேட்டு 'பிரம்மசக்தி குழந்தை' என்று எழுதிக்கொண்டு உள்ளே போனாள். அதனால் ஒன்றும் உயிர் போய்விடவில்லை, அது அதற்கு முன்பே பாதி போயிருந்தது, தெரியும். ஆனாலும் கூப்பிட்டிருக்கலாம். பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அது திரும்பிப் பார்த்திருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. தன் பேர் அதுதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? அப்புறம் இழவு வீடு. வந்தவர்கள் எல்லோரும் ஆவுடைத்தாயைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "உனக்கென்ன, வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கிடுவ. நான் ரெண்டு தடவை தாலியறுத்தவ" என்று ஆவுடைத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பெற்றவள் மூலையில் மார்பில் பால் கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். செத்தது அவள் பிள்ளை இல்லை, அவளுக்கு ஒரு மகன் பிறக்கவே இல்லை, மாமனார்தான் கொஞ்ச நாள் வந்து தங்கியிருந்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு விழுங்கிய பேர் இன்னும் இறங்காமல் தொண்டையிலேயே நிற்கிறது.

போன் அடித்தது, இசக்கிராஜா கடையிலிருந்து. ஏதோ மிக்ஸி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, "என்ன சொல்லுதாங்க?" இன்னும் பாக்கணுமாம், இருந்தா ஆபரேஷனாம், பிறந்த பிறகு. மிக்ஸி நின்றது. "அம்மா பக்கத்துல இருக்காளா? அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிராத. ஆபரேஷன்னா பயந்துருவா. பைய ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் செய்வோம்." சரிங்க. பைய. அந்த வீட்டில் எல்லாமே பையத்தான், சாவு ஒன்றுதான் விறுவிறு என்று வரும். பெண் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வாள் ஆவுடைத்தாய்? யார் குறட்டையை அதன் கழுத்தில் கட்டுவாள்? பெண்ணாக இரு தாயே, யார் பேரும் இல்லாமல் வா, நானே ஒரு பேர் வைக்கிறேன், நாள் முழுக்க அதைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன். அப்போது வயிற்றுக்குள் ஒரு புரளல். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு, பாயில் ஆள் புரண்டு படுக்கிற மாதிரி. பிரம்மசக்தி செருப்புகளுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள். திரும்பிவிட்டது.

இருட்டு அறையில் டாக்டர் கருவியை வைத்து அழுத்தி வெகுநேரம் தேடினார். அப்புறம் திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் என்னவோ துடித்துக்கொண்டிருந்தது. "இந்தா பாருங்க, இது ஒரு பக்கம் போகுது. இது இன்னொரு பக்கம். ரெண்டும் பின்னாடி வந்து சேருது பாருங்க. நடுவுல கறுப்பா ஒரு பொட்டு தெரியுதா? அதுதான் மூச்சுக்குழல்." தெரிந்தது. கடுகு போல ஒரு பொட்டு, அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு வளையம். ஓகோ, நீதானா. இத்தனை நாளும் தொட்டிலில் என் கூடவே இருந்தது நீதானா. "இப்ப அதுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. அதுக்கும் சேர்த்து நீங்கதானே மூச்சு விடுதீங்க." பிரம்மசக்தி அழவில்லை. மூச்சு விட்டாள். "வீட்டுலேருந்து யாரும் வந்திருந்தா கூப்பிடுங்க, சொல்லிருதேன்."

ஆவுடைத்தாய் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கத்தி என்கிற இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்தாள். "அதெல்லாம் வேண்டாம் டாக்டர். கடைசி வரைக்கும் அவரு உடம்புல ஒரு ஊசி ஏறினதில்ல. இப்பப் போய் நெஞ்சைக் கீறவா?" டாக்டருக்கு விளங்கவில்லை. "யாரு உடம்புல?" என்றார். மாமியார் வாயைத் திறந்து மூடினாள். அந்த இடம் வந்துவிட்டது, முழுங்க வேண்டிய இடம். பிரம்மசக்தி கட்டிலில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "எங்க மாமனாரைச் சொல்லுதாங்க டாக்டர். பேரு கொம்பையா. அவரு வயசாகிச் செத்துட்டாரு. எம்மகன் பேரும் கொம்பையாதான். அவன் மூச்சு விட முடியாமச் செத்துட்டான். இது வேற பிள்ளை. ஆபரேஷன் பண்ணுவோம், எங்க போய்ப் பெறணும்னு எழுதிக் குடுங்க." கொம்பையா என்ற சத்தத்துக்கு ஆவுடைத்தாயின் கை தானாகக் காதுக்குப் போயிற்று, பாதியில் நின்றது. "ஏ சக்தி" என்றாள் மெதுவாக. "அப்ப அந்தச் சத்தம்?" டாக்டர்தான் பதில் சொன்னார். "நான் பாக்கலை, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இப்படித்தான் இருந்திருக்கணும்னு நினைக்கேன். அது குறட்டை இல்லம்மா. குழல் நெரிபடுற சத்தம்."

வெளியே வந்து எழுதிக் கொடுப்பதற்குக் காத்திருந்தார்கள். ஆவுடைத்தாய் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து, விரலால் தேய்த்துத் தேய்த்து அந்தப் படத்தை எடுத்தாள். தினமும் பார்க்கிற படம்தான். கர்ர்ர் என்று இழுத்து உச்சியில் விசில் அடித்தது. மாமா, காபி குடிக்கிங்களா? கொல்லென்ற சிரிப்பு. கர்ர்ர். பக்கத்து நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யம்மா, என்னா குறட்டை! இதுதான் நீங்க சொன்ன பேரனா பெரியம்மா? இவரு பேரு என்ன?" ஆவுடைத்தாய் நிமிரவில்லை. படம் தீர்ந்து தானாகவே மறுபடி ஓடியது.

"கொம்பையா" என்றாள். "கொம்பையாவுக்கு மூச்சு முட்டுது தாயி."

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. பிரம்மசக்தி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவளுக்கு ஆறவில்லை. அன்றைக்கு நர்ஸ் கேட்டபோது வாசலில் நின்று சொல்ல வேண்டிய பேர் அது, இன்றைக்கு யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டு கேட்கிறாள், இப்போது வருகிறது. மாமியார் கையிலிருந்த போனை வாங்கி, சத்தத்தை நிறுத்தி, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எந்திரிங்க அத்தை, பேரைக் கூப்பிடுதாங்க" என்றாள்.